பந்தும் குவளையும்

விளையாட்டைப் பற்றி இலக்கிய இதழ்களில் எழுதுவோர் குறைவு. எழுதினாலும் ஏறு தழுவலோடு நின்றுவிடுகிறோம். முல்லைக்கலியின் தொழுவத்தைத் தாண்டி வெளியே வந்தால், நம் இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் மகளிர் கையில்தான் இருக்கிறது. பெருங்கதையில் பந்தடிக்கும் பெண்கள் உண்டு. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். அவர்கள் ஆடுவது அழகுக்காகவும் பொழுதுக்காகவும். மாதக் கூலி வாங்கிக்கொண்டு, காலை முதல் மாலை வரை, வேறொருவன் அடித்துப் பழகுவதற்காகப் பந்து வீசியவனை நம் பழைய இலக்கியம் அறியாது. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். அவர் பெயர் பல்வங்கர் பாலு. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர். தோல் தொழில் செய்யும் சமார் சாதியில் பிறந்தவர்.

அவருடைய கதையைத் தொடங்குமுன், பந்துவீச்சு என்ற செயலைப் பற்றி ஒரு சொல். கிரிக்கெட் வளர்ந்த இங்கிலாந்தில் மட்டை கனவான்களுக்கு உரியது. பந்து உழைப்பாளிகளுக்கு உரியது. எழுதாத விதிதான், ஆனால் எழுதிய விதியைக் காட்டிலும் உறுதியாக இருந்தது. நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை நிழலில் அமர்ந்திருந்து, தன் முறை வரும்போது எழுந்து போய் மட்டையைச் சுழற்றுவான். வெயிலில் ஓடி ஓடி வீசுகிறவன் சுரங்கத்திலிருந்தோ தறியிலிருந்தோ வந்தவனாக இருப்பான். கூலி வாங்காமல் ஆடுபவர் 'கனவான்'; கூலிக்கு ஆடுபவர் வெறும் 'ஆட்டக்காரர்'. ஒரே அணியில் ஆடினாலும் இருவரும் களத்துக்கு வெவ்வேறு வாயில்களின் வழியே இறங்கினார்கள். ஓட்ட அட்டையில் கனவானின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும். கூலிக்காரனுடையது பின்னால் வரும். இந்தப் பாகுபாடு அங்கே முறையாக ஒழிக்கப்பட்டது 1962இல்தான். வகுப்புப் பிரிவினை ஊறிய இந்த ஆட்டம், சாதிப் பிரிவினை ஊறிய நம் மண்ணுக்குக் கப்பலேறி வந்தது. இரண்டும் சந்தித்த புள்ளியில் நிற்கிறார் பாலு.

1870களின் நடுவில் தார்வாட்டில் பிறந்த அவருடைய குடும்பத்தின் பூர்விகம் கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பல்வன் என்னும் ஊர். ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் பாலு புனேயில் வளர்ந்தார். வெள்ளை அதிகாரிகள் வேண்டாமென்று கழித்த மட்டையும் பந்துமே அவருக்கும் தம்பி சிவராமுக்கும் முதல் ஆட்டப் பொருள்கள். முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் சங்கத்தில். ஆடுகளத்தைப் பெருக்க வேண்டும், உருளை இழுக்க வேண்டும், சில வேளை உறுப்பினர்களுக்குப் பந்து வீச வேண்டும். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் புனே சங்கத்துக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆயிற்று. வலை கட்டுவதும் களத்தைச் சமன் செய்வதும் கோடு போடுவதும் அங்கே அவர் பணிகள். அவற்றோடு பந்து வீசுவதும் சேர்ந்துகொண்டது.

அங்கே கிரேக் என்றொரு படைத்தலைவர் இருந்தார். அந்நாளைய இந்தியாவில் ஆடிய ஐரோப்பியர்களுள் மிகச் சிறந்த மட்டையாளர். மற்றவர்கள் வருமுன்பே களத்துக்கு வந்து, பாலுவை வீசச் சொல்லி மணிக்கணக்கில் பழகுவார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அதன் கணக்கு நம்மை யோசிக்க வைக்கிறது. எட்டு முறை கிரேக்கின் விக்கெட்டை எடுத்தால் ஒரு மாதச் சம்பளம். உலகின் எந்தப் பயிற்சிப் பள்ளியும் இப்படியோர் ஊக்கத்தைத் தந்திருக்காது. ஓராண்டில் ஆயிரக்கணக்கான பந்துகள். எதிரே எப்போதும் ஒரு தேர்ந்த மட்டையாளர். இடக்கை மெதுவேகச் சுழல்பந்து இப்படித்தான் பாலுவின் கையில் படிந்தது. பந்தை இருபுறமும் திருப்புவது, நீளத்தை மாற்றுவது, காற்றில் மிதக்க விடுவது என எல்லாமே கூலி வேலையின் ஊடாகக் கற்றவை. ஆனால் அந்தச் சங்கத்தில் அவர் கையில் ஒருமுறையும் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை எசமானனுக்கு. அவன் பழகுவதற்காக வீசுவது வேலைக்காரனுக்கு.

புனேயின் இந்துக்கள் ஐரோப்பியரோடு மோத முனைந்தபோது சிக்கல் எழுந்தது. ஐரோப்பியரை வெல்லக்கூடிய பந்துவீச்சாளர் ஊரில் ஒருவர்தான். அவரோ தீண்டப்படாதவர். அணியிலிருந்த பிராமணர் சிலர் தயங்கினார்கள். தெலுங்கு உறுப்பினர்கள் பாலு வேண்டும் என்றார்கள். கடைசியில் வெற்றி ஆசை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார். களத்தில் எல்லாரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் வந்தது. குடித்ததும் உடைத்தெறிய வேண்டிய குவளை. முகம் கழுவ நீர் வேண்டுமென்றால், அவருடைய சாதியைப் போன்ற சாதியிலிருந்து வந்த பணியாள் ஒருவர் களத்தின் ஒரு மூலையில் கொண்டுவந்து ஊற்றுவார். உணவு தனித் தட்டில், தனி மேசையில்.

இங்கே சற்று நின்று அந்தப் பந்தைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. மாட்டுத் தோலைப் பதப்படுத்திச் சாயமேற்றித் தைத்தது. அந்தத் தோலைத் தொட்டுப் புழங்குவதாலேயே ஒரு சாதி தீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்டது. ஆனால் அதே தோல் பந்தாக உருண்டு வந்தபோது உயர்சாதிக் கைகள் தாவிப் பிடித்தன, வெள்ளைக் காற்சட்டையில் தேய்த்து மெருகேற்றின, முத்தமிடும் அளவுக்கு நேசித்தன. பாலுவின் விரல்களிலிருந்து கிளம்பிய பந்தை விக்கெட் காப்பாளர் கையில் வாங்கினார். அதனால் அவர் எந்தக் குளத்திலும் முழுகியதாகத் தெரியவில்லை. தீட்டு பொருளில் இல்லை, தொடுதலில்கூட இல்லை. யார் எங்கே அமரலாம் என்பதில்தான் இருந்தது. பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு இருந்தது.

இந்தக் கதை தமிழ் படித்தவருக்குப் புதிதன்று. பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின் தொண்டு எது என்று நினைத்துப் பாருங்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த அவர் சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோல் கொடுத்தார், வார் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகே முழங்கியது; அவர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது, வாயில் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே பார்க்க வழி கிடைத்தது, அவ்வளவுதான். தில்லையில் அவர் உள்ளே போக வேண்டுமென்றபோது சேக்கிழார் ஒரு தீயை வளர்க்க வேண்டியிருந்தது. முப்புரிநூல் துலங்கும் முனிவராக உருமாறிய பிறகே உட்புக முடிந்தது. தோலுக்குத் தேவைப்படாத தீக்குளிப்பு, தோல் கொடுத்தவருக்குத் தேவைப்பட்டது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் இந்தக் கணக்கு தீர்ந்தபாடில்லை. மிருதங்கம் செய்வோரின் வாழ்வைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலைப் படித்தவர்களுக்கு, நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

பாலுவுக்குத் தீக்குளிப்பு தேவைப்படவில்லை, விக்கெட்டுகள் தேவைப்பட்டன. அவர் வீச்சால் புனே இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். சாத்தாராவில் வென்றனர். பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன, மாலைகள் விழுந்தன. சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ கோவிந்த ரானடே, பாலுவோடு சேர்ந்து ஆடக்கூடியவர்கள் சேர்ந்து உண்ணவும் கூடும்தானே என்ற பொருளில் ஆட்டக்காரர்களை இடித்துரைத்தார். திலகரும் பொதுமேடையில் பாராட்டினார் என்கிறார்கள். 1896இல் புனேயையும் பம்பாயையும் கொள்ளைநோய் உலுக்கிய காலத்தையொட்டிப் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானா, சில உறுப்பினர்களின் முணுமுணுப்பை மீறி, அவரைச் சேர்த்துக்கொண்டது. பம்பாயில் குவளை மாறியது. ஜிம்கானாவின் உணவகத்தில் மற்றவரோடு அமர்ந்து உண்ண முடிந்தது.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா திடலில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். பாலுவும் சிவராமும் இந்து அணியில் இருந்தனர். இந்துக்கள் 242, 160. ஐரோப்பியர் 191, 102. வெற்றி 109 ஓட்டங்களில். ஆள்பவரை ஆளப்படுபவர் அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்ற சேதி நாடெங்கும் பரவியது. வங்கப் பிரிவினைக்கு எதிரான கொந்தளிப்பு நிலவிய காலம் அது. சீர்திருத்தத்தை ஆதரித்த பம்பாய் ஏடு ஒன்று, இந்த வெற்றியைவிட அந்தச் சகோதரர்கள் அணியில் இருந்ததையே பெரிதாகக் கொண்டாடியது. பல கூட்டங்களும் தீர்மானங்களும் செய்யாததை இந்த ஆட்டம் செய்துவிட்டது என்பது அதன் கருத்து.

1911இல் முதன்முதலாக அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்துக்குப் போயிற்று. தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அரசர் தலைவரானது ஆட்டத் திறத்தால் மட்டும் அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. விருந்துகளிலும் மாளிகைகளிலும் அவருக்கு நேரம் கழிந்தது. அணி ஆடிய 23 ஆட்டங்களில் 15 தோல்வி. அந்தத் தோல்விகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தார். பயண முடிவில் பாலுவின் கணக்கு 114 விக்கெட்டுகள், சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். லெஸ்டர்ஷயரை வென்றதில் அவர் வீச்சுக்கே முதன்மைப் பங்கு. சாமர்செட்டை ஒரே ஒரு விக்கெட் எஞ்சியிருக்க வென்றபோது தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் 113 ஓட்டங்கள் எடுத்திருந்தார். அப்போது பாலுவுக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. தோள் வலியோடுதான் ஆடினார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இடக்கைச் சுழலர் வில்பிரட் ரோட்சோடு ஒப்பிட்டு, இந்தியாவின் ரோட்ஸ் என்றார்கள். பம்பாய் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு விழா எடுத்தார்கள். வரவேற்புப் பத்திரத்தை எழுதியவர் அன்று கல்லூரி மாணவராக இருந்த பீம்ராவ் அம்பேத்கர் என்பர்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று மட்டும் அவருக்குத் தரப்படவில்லை: அணித் தலைமை. 1910 முதல் ஆண்டுதோறும் கோரிக்கை எழுந்தது. ஆண்டுதோறும் அவர் தாண்டிச் செல்லப்பட்டார். தலைவராக்கப்பட்ட எம். டி. பை என்னும் உயர்சாதி ஆட்டக்காரரே, இந்த மதிப்பு மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். நல்ல மனிதர். ஆனால் அவர் நல்லவராக இருந்ததனால் தேர்வுக்குழு மாறவில்லை.

மறுப்பு ஏன் அங்கே போய் நின்றது என்பதை நாம் பலமுறை யோசித்ததுண்டு. மண்குவளை பீங்கானாயிற்று. தனி மேசை பொது மேசையாயிற்று. தலைமை மட்டும் அசையவில்லை. சேர்ந்து ஆடலாம், சேர்ந்து உண்ணலாம். அவர் சொல்லி நாம் கேட்பதா? சாதியின் உயிர்நிலை இந்தக் கேள்வியில் இருக்கிறது என்று தோன்றுகிறது. பந்துவீச்சாளருக்குச் சொல்லப்படுகிறது: இந்த முனையிலிருந்து வீசு, இப்போது நிறுத்து. தலைவர் சொல்கிறார்: நீ அங்கே நில், நீ பின்னால் போ. பிராமணர் ஒருவரைப் பார்த்து எல்லைக்கோட்டருகே போய் நில்லுங்கள் என்று சமார் ஒருவர் சொல்லும் காட்சியைத்தான் அந்த ஜிம்கானாவால் தாங்க முடியவில்லை. கைத்திறனை எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். அதில் செலவில்லை. சொல்லுக்குக் கட்டுப்படுவதில்தான் செலவு இருக்கிறது.

இதே காலகட்டத்தில் கடலுக்கு அப்பாலும் ஒரு பந்துவீச்சாளர் இருந்தார். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் கூலிக்கு ஆடும் தொழில்முறை அப்போது வேரூன்றிக்கொண்டிருந்தது. நியூவார்க் அணிக்கு வீசியவர் ஜார்ஜ் ஸ்டோவி என்னும் கறுப்பர், அவரும் இடக்கையர்தான். 1887ஆம் ஆண்டுப் பருவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளை அணிக்கு ஈட்டித் தந்தார். அவ்வாண்டு ஜூலை 14 அன்று சிகாகோ அணியோடு ஒரு காட்சி ஆட்டம். சிகாகோவின் தலைவரும் அந்நாளின் பெரிய நட்சத்திரமுமான ஆன்சன், கறுப்பர்கள் களத்தில் இருந்தால் தன் அணி ஆடாது என்ற நிலைப்பாட்டில் இருந்தார். ஸ்டோவி அன்று வீசவில்லை. அதே நாளில் அந்தக் கூட்டமைப்பின் உரிமையாளர்கள் கூடி, இனிக் கறுப்பரோடு புதிய ஒப்பந்தம் இல்லை என்று வாக்களித்தார்கள். பெரிய கூட்டமைப்புகளில் அந்தக் கதவு மீண்டும் திறக்க 1947இல் ஜாக்கி ராபின்சன் வர வேண்டியிருந்தது. அமெரிக்கா ஸ்டோவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. நாம் பாலுவை உள்ளே அழைத்து, வேலையை வாங்கிக்கொண்டு, வாசலுக்கருகே உட்கார வைத்தோம். இரண்டில் எது கொடிது என்று தரம் பிரிக்க நம்மால் இயலவில்லை. முன்னதில் அநீதி கண்ணுக்குத் தெரிகிறது. பின்னதில் அது தாராள மனம் போலத் தோற்றமளிக்கிறது.

1920இல் புனேயில் நடந்த நாற்கோணப் போட்டியில் பொறுமை முடிவுக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்குப் பை இல்லாத நிலையில் தலைமை தம்பிகளான சிவராமுக்கோ விட்டலுக்கோ போகவில்லை. அவர்களைவிட இளையவரான டி. பி. தேவ்தருக்குப் போயிற்று. பாலு அணியிலேயே இல்லை. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினார்கள். சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட அவமதிப்பு இது என்பதை மறைக்காமல் அறிக்கையும் வெளியிட்டார்கள். பொதுக்கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்தில் பை தலைவராக வந்தார். பாலு அணிக்குத் திரும்பித் துணைத்தலைவரானார். ஆட்டத்தின் இடையிடையே பை களத்தைவிட்டு விலகி நின்றபோது பாலு அணியை நடத்தினார். பதினைந்து ஆண்டு வீச்சுக்குப் பின் வாய்த்தது இவ்வளவுதான். அதோடு அவருடைய முதல்தர ஆட்டங்களும் முடிவுக்கு வந்தன: 33 ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. மூன்றாண்டு கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவர் தலைமையில் அணி ஐரோப்பியரை வென்றது.

பாலுவின் பிற்கால வாழ்வு நம் வசதிக்கு ஏற்ற கதையாக அமையவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனித்தொகுதி விவாதத்தில் அவர் அம்பேத்கரின் பக்கம் நிற்கவில்லை. கூட்டுத்தொகுதி வேண்டும் என்ற எம். சி. ராஜாவின் நிலைப்பாட்டை ஆதரித்தார். 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனா ஒப்பந்தத்தில் பாலுவின் பெயரும் இருக்கிறது. அதே தாளில் நம் பக்கத்துக் கையெழுத்துகளும் உண்டு: சென்னையின் எம். சி. ராஜா, மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இராஜகோபாலாச்சாரியார். 1937 தேர்தலில் காங்கிரசு, பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துப் பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. வரவேற்புப் பத்திரம் எழுதிய இளைஞரிடம், அதைப் பெற்றவர் தோற்றார். இன்று திரும்பிப் பார்க்கையில், ஐரோப்பியரை வெல்ல இந்துக்கள் பாலுவைப் பந்துவீச்சுக்கு அழைத்ததற்கும், அம்பேத்கரை வெல்லக் காங்கிரசு அவரைத் தேர்தலுக்கு அழைத்ததற்கும் இடையில் ஓர் ஒற்றுமை தென்படாமலில்லை. இரண்டு இடத்திலும் அழைக்கப்பட்டது அவருடைய கைதான். ஆயினும் அவரை வெறும் கருவி என்று சொல்லிவிடுவதும் இன்னோர் அவமதிப்பே. களத்தில் கிடைத்த பொது மேசையை அவர் கண்ணால் கண்டிருந்தார். சேர்ந்து ஆடியதால் மாறிய மனங்களையும் கண்டிருந்தார். அந்த அனுபவத்தை நம்பி ஒரு முடிவெடுத்தார். அம்பேத்கரோ, தலைமை தரப்படாத அந்தப் பத்தாண்டுகளைக் கண்டிருந்தார். ஒரே வாழ்விலிருந்து இருவரும் இரு வேறு பாடங்களைப் படித்தார்கள் என்று சொன்னால் பிழையில்லை.

எங்கோ பம்பாயில் நடந்த பழைய கதையை இப்போது எடுப்பானேன் என்று வாசகர் கேட்கலாம். பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் பிள்ளைகள் பந்து வீசுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். கடலரிப்பு மணலைத் தின்றுகொண்டே வருவதால் அவர்களுடைய ஆடுகளம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. அங்கிருந்து மேற்கே செம்மண் மேட்டைத் தாண்டி வானூர், மயிலம், திண்டிவனம் என்று போனால், கோடை விடுமுறையில் ஊருக்கு ஊர் ரப்பர் பந்துப் போட்டிகள். நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, ஒலிபெருக்கியில் வருணனை. ஊர், காலனி, குப்பம் என்ற பிரிவுகள் வரைபடத்தில் இருப்பதுபோல அணிகளிலும் இருக்கின்றன. பரிசுத்தொகை கூடும்போது பிரிவு சற்றுத் தளரும். ஊர் அணிக்குக் காலனியிலிருந்து வேகமாக வீசும் பையன் ஒருவன் தேடி அழைக்கப்படுவான். 2024இல் வந்த 'லப்பர் பந்து' திரைப்படம் நம் மாணவர்களிடையே அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம், அது அவர்களுக்குத் தெரிந்த கதை என்பதே.

வகுப்பில் திருநாளைப்போவார் புராணம் நடத்திய ஒருநாள், பாலுவின் மண்குவளையைப் பற்றியும் சொன்னோம். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. தங்கள் தாத்தாக்கள் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் வாங்கிய கதையைச் சிலர் சொன்னார்கள். இப்போது அதெல்லாம் இல்லை, எல்லாருக்கும் காகிதக் குவளைதான் என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. பிறகு ஊர் அணிகளைப் பற்றிக் கேட்டோம். கடைசி வரிசையிலிருந்து, நல்ல வீச்சாளன் என்று பெயரெடுத்த மாணவன் ஒருவன் அமைதியாகச் சொன்னான்: "மேட்ச்சுக்குக் கூப்புடுவாங்க ஐயா. மீட்டிங்குக்குக் கூப்புட மாட்டாங்க."

1910க்கும் 1920க்கும் இடைப்பட்ட இந்து ஜிம்கானாவின் வரலாறு முழுவதையும் அந்த இரண்டு வாக்கியங்களில் அவன் சொல்லிவிட்டான். அவன் பாலுவைப் பற்றிப் படித்தவனல்லன். படிக்கத் தேவையிருக்கவும் இல்லை.

பாலு 1955 ஜூலையில் பம்பாயில் காலமானார். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தனிக் குவளை அந்தச் சட்டத்தின்படி குற்றமாயிற்று. கூட்டத்துக்கு அழைக்காமல் இருப்பதை எந்தச் சட்டமும் குற்றமாக்க முடியாது. பின் எது அதை மாற்றும்? விக்கெட்டுகள் மாற்றும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. திறமைக்கு உலகம் ஒருநாள் தலைவணங்கும் என்பது ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறைகளில் தவறாமல் சொல்லும் வாக்கியம். பாலுவின் வாழ்வை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் பாதியளவே மெய்யாகிறது. திறமை அவருக்குச் சம்பளத்தைத் தந்தது, கப்பலேற்றியது, பொது மேசையில் ஓர் இருக்கையைத் தந்தது. தலைமையைத் தரவில்லை. அதற்கு வழி திறந்தது, தம்பிகள் இருவரும் ஆட மாட்டோம் என்று கையை விலக்கிக்கொண்ட அந்த ஒரு நாள். பதினைந்து ஆண்டுகள் வீசிப் பெறாததை, வீச மறுத்துப் பெறும் வழியைத் தொடங்கிவைத்தார்கள். பலன் பாலுவுக்குக் கிடைக்கவில்லை, விட்டலுக்குக் கிடைத்தது.

கடைசி வரிசை மாணவனுக்கு அன்று நாம் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் 1920ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தம்பிகளின் பெயர் என்ன என்று கேட்டு, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.